வாசல் வரை வந்து திரும்பிப் போன ரூ.1000 கோடி!

சாலைக்கு அந்தப் பக்கம் ஐ.ஐ.டி.க்கு கிடைத்தது, இந்தப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஏன் கிடைக்கவில்லை?

சென்னை,

ஒரே சாலை. ஒரு பக்கம் ஐ.ஐ.டி. மறுபக்கம் அண்ணா பல்கலைக்கழகம்.

அடையாறு மத்திய கைலாசில் பஸ் ஏறி கிண்டி பக்கம் போனால், சர்தார் பட்டேல் சாலையில் முதலில் இடது கையில் ஐ.ஐ.டி. வாசல் வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வலது கையில் அண்ணா பல்கலைக்கழக வாசல்.

இந்த இரண்டு வாசலையும் தேடி ஒரே பரிசு வந்தது. அந்த வாசலுக்குப் போனது உள்ளே போய்விட்டது. இந்த வாசலுக்கு வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது.

பரிசுத் தொகை சின்னத் தொகை அல்ல. ரூ.1000 கோடி வரை!

ஏன் திரும்பியது? அதுபற்றிய விவரம் வருமாறு:-

'கிண்டி கிடைச்சுதா?'

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பிளஸ்-2 முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், கவுன்சிலிங் சமயத்தில் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அந்தக் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் வயது 200-க்கும் மேல். 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1920-ல் கிண்டிக்கு வந்தது. அதோடு அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டிடக்கலைப் பள்ளி ஆகியவற்றையும் சேர்த்து 1978 செப்டம்பரில் பிறந்ததுதான் அண்ணா பல்கலைக்கழகம். எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், ஜனாதிபதி ஆவதற்கு முன்பு இங்கே பேராசிரியராக இருந்தார்.

15 ஆண்டுத் திட்டம்

2017-ல் மத்திய அரசு 'உயர் சிறப்பு அந்தஸ்து' திட்டத்துக்கு விதிமுறை வெளியிட்டது. அரசு நிறுவனங்கள் 10, தனியார் நிறுவனங்கள் 10 தேர்வு செய்யப்படும். அரசு நிறுவனத்துக்கு 5 ஆண்டுகளில் ரூ.1000 கோடி வரை கிடைக்கும். 10 ஆண்டுக்குள் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரவேண்டும் என்பது குறி.

சும்மா மனு போட்டால் போதாது. அடுத்த 15 ஆண்டில் எங்கே போகப் போகிறோம், முதல் 5 ஆண்டில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகமும் எழுதிக் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் சிபாரிசுப் பட்டியலில் பெயரும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. இது மாநில அரசின் பல்கலைக்கழகம். எனவே மாநில அரசும் தன் பங்குக்குப் பணம் தர உறுதி சொல்ல வேண்டும்!

எதிரே இருந்த ஐ.ஐ.டி.க்கு அந்தத் தொல்லை இல்லை. அது மத்திய அரசின் நிறுவனம். 2019 செப்டம்பரிலேயே அந்தஸ்து கைக்கு வந்துவிட்டது.

கடிதத்தால் கிளம்பிய புயல்

தமிழக அரசு உடனே சரி என்று சொல்லவில்லை. மந்திரிகள் குழு அமைத்தது. மாதங்கள் ஓடின.

2020-ல் அப்போதைய துணைவேந்தர் சூரப்பா மத்திய அரசுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு சுமார் ரூ.314 கோடி வீதம் 5 ஆண்டுக்கு ரூ.1,570 கோடியை பல்கலைக்கழகமே திரட்டிக்கொள்ளும் என்பது கடிதத்தின் சாரம்.

வந்தது வினை! மாநில அரசைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று கோட்டையில் கோபம். அவ்வளவு பணம் எங்கிருந்து வரும், மாணவர் தலையில்தானே கட்டணமாக விழும் என்று வெளியே கேள்வி.

69 சதவீதம் என்ன ஆகும்?

பணத்தைவிடப் பெரிய கேள்வி இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று மொத்தம் 69 சதவீதம். 1994-ல் அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் ஏற்றிப் பாதுகாத்த சட்டம் அது.

அந்தஸ்து வந்த பிறகு அதில் கை வைத்துவிட்டால்? வெளிமாநில மாணவர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால்? முதல் தலைமுறையாகப் படிக்க வரும் கிராமத்துப் பிள்ளைக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் எதிர்த்தது.

இதற்கிடையே 2020 செப்டம்பரில் பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. கிண்டி வளாகத்துக்குப் புதுப் பெயர்! பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் கொதித்தனர்.

2020 அக்டோபரில் உயர்கல்வி மந்திரி கே.பி.அன்பழகன் முடிவை அறிவித்தார். அந்தஸ்து வேண்டாம்! இடஒதுக்கீடு பாதிக்கும், கட்டணம் உயரும் என்பது அவர் சொன்ன காரணம். அதோடு ரூ.1000 கோடி கனவு முடிந்தது. பிரிவினையும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டிய பணம் போனது உண்மை. இடஒதுக்கீடு பற்றிய பயமும் உண்மை. இரண்டும் உண்மை என்பதுதான் இதில் வேதனை! கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இதே மாநிலப் பங்குத் தொகையில்தான் சிக்கியது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

திட்டம் தடுமாறுவது இங்கே புதிது அல்ல. 2001-ல் மாநிலம் முழுவதும் உள்ள என்ஜினீயரிங் கல்லூரிகளை இதன் தலையில் ஏற்றினார்கள். 2007-ல் தொடங்கி திருச்சி, கோவை, நெல்லை, மதுரை என்று வெட்டினார்கள். 2012-ல் மறுபடி ஒட்டினார்கள்.

2016 மே மாதம் காலியான துணைவேந்தர் நாற்காலி 2018 ஏப்ரல் வரை காலியாகவே கிடந்தது. 2024 ஆகஸ்டில் மீண்டும் காலியானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திட்டம் 15 ஆண்டுக்கு. துணைவேந்தர் பதவி 3 ஆண்டுக்கு. ஒரு திட்டம் முடிவதற்குள் 5 துணைவேந்தர்கள் வந்துபோக வேண்டும். அதுவும் இடையில் நாற்காலி காலியாகாமல் இருந்தால்!

பணம் யார் தருவது? சீட்டு யாருக்கு? கட்டணம் எவ்வளவு? இந்த மூன்று கேள்வியும் கடைசியில்தான் கேட்கப்பட்டன. அடுத்த திட்டத்தில் இவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அரசும் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே இரண்டாவது பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

கோட்டை, பல்கலைக்கழகம், வேந்தரான கவர்னரின் மாளிகை - மூன்றும் ஒரே நகரத்தில்தான். அதிலும் கவர்னர் மாளிகை இருப்பது இதே சர்தார் பட்டேல் சாலையில்! பேசித் தீர்க்கத் தூரம் ஒரு தடை அல்ல.

'கிண்டி கிடைச்சுதா?' என்று கேட்கும் வீடுகளுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.