வால்யூமை ஏத்த வைக்காத ஹெட்ஃபோன் எது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஹெட்ஃபோன் பத்திப் பேசப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கதை.

போன வருஷம் ஒரு ராத்திரி, கேம் முடிச்சுட்டு ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுப் படுத்தேன். ஃபேன் சத்தத்தையும் தாண்டி வலது காதுல ‘ஙொய்ங்’னு ஒரு சத்தம். காலைல போயிடும்னு நினைச்சேன். போகல. நாலாவது நாள் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். சத்தமே நுழையாத ஒரு குட்டி ரூம்ல உட்கார வெச்சு, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாங்க. வந்த கிராஃப்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். அதிக சத்தம் கேட்டுக் கேட்டுக் காது கெடும்போது வழக்கமா அந்த இடத்துலதான் முதல்ல பள்ளம் விழுமாம்.

எவ்வளவு வால்யூம் வைப்பேன்னு டாக்டர் கேட்டார். சொன்னேன். “ஏம்ப்பா, எதுக்கு அவ்வளவு?”ன்னு அடுத்த கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பதிலைத் தேடினப்போ கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

கணக்கு இதுதான்

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10 மணி நேரம். 90 டெசிபல் வந்துட்டா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். சனிக்கிழமை ஒரே ராத்திரி கேம்ல அது தீர்ந்துடும். நம்ம உள்காதுல சத்தத்தை உணர்ற செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கு. செத்தா திரும்ப முளைக்காது. முடி மாதிரி இல்ல.

சரி, நான் ஏன் வால்யூமை ஏத்தினேன்? யோசிச்சுப் பார்த்தா மூணு காரணம். ஒண்ணு, ரூம்ல ஃபேன் சத்தம், ஜன்னல் வழியா வண்டிச் சத்தம். ரெண்டு, நான் கண்ணாடி போட்டவன். கண்ணாடிக் காம்பு, பேடுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சந்தை உண்டாக்கிடும். அந்தச் சந்து வழியா முதல்ல ஓடிப் போறது பேஸ். பேஸ் போனா பாட்டு சப்புன்னு இருக்கும், கை தானா வால்யூமுக்குப் போகும். மூணு, ஒரு மணி நேரத்துல காது வலிக்கும். ஹெட்செட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப்பேன். மறுபடியும் சந்து, மறுபடியும் வால்யூம்.

அதாவது, தலைக்குச் சரியா உட்காராத ஹெட்ஃபோன்தான் என்னை அந்த கிளினிக் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. அதனால நம்ம செக்லிஸ்ட்ல சவுண்டுக்கு முன்னாடி சௌகரியம் வருது.

முதல்ல தலை

காது மேல உட்கார்ற சின்ன பேட் காது மடலையே அழுத்தும். நீண்ட நேரத்துக்குக் காதை முழுசா உள்ள வாங்கிக்கிற பெரிய கப்தான் நல்லது. எடையைப் பாருங்க. சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். பத்து நிமிஷத்துல வித்தியாசம் தெரியாது, மூணு மணி நேரத்துல கழுத்துக்குத் தெரியும்.

பேட் துணி முக்கியம். செயற்கைத் தோல் பேட் சந்தில்லாம ஒட்டும், வெளிச்சத்தத்தை நல்லா தடுக்கும். ஆனா சென்னை வெயில்ல வேர்த்துக் கொட்டும், நாளாக ஆக உரிஞ்சு கன்னத்துல கறுப்பா ஒட்டும். வெல்வெட் மாதிரி இருக்கிற வெலோர் பேட் காத்தாட இருக்கும், கண்ணாடிக் காம்பு மேலயும் மெத்துன்னு படியும். எதை வாங்கினாலும் பேடை மட்டும் தனியா மாத்த முடியுமான்னு கேளுங்க. முடிஞ்சா அந்த ஹெட்ஃபோன் பல வருஷம் ஓடும்.

திறந்ததா, மூடினதா?

சென்ஹைசர் எச்டி 600-னு ஒண்ணு இருக்கு. 1997-ல வந்தது, இன்னமும் விக்கிறாங்க. கப்போட வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும். பாட்டு தலைக்குள்ள அடைபடாம சுத்தி விரிஞ்ச மாதிரி கேட்கும், காதும் சூடாகாது. ஆனா ஃபேன் சத்தம் உள்ள வரும், உங்க பாட்டு பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கும். தனி ரூம், அமைதியான இடம்னா இந்த வகை அருமை. ரூம்மேட் இருந்தா, ரோட்டோர வீடுன்னா மூடின வகைதான் சரி. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் எல்லாம் மூடின வகை.

பஸ், மெட்ரோன்னு தினமும் போறவங்களுக்கு நாய்ஸ் கேன்சலிங் உண்மையிலேயே உதவும். இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி விடாம வர்ற தாழ்ந்த சத்தத்தை அது நல்லா குறைக்கும். பக்கத்து சீட்டு அரட்டையை அந்த அளவுக்குக் குறைக்காது.

விலை ஏறினா சவுண்டு நல்லா இருக்குமா?

2017-ல வந்த ஒரு ஆய்வு, 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தது. பேஸ், நடு, ட்ரெபிள் எல்லாம் எந்த அளவுல வருதுங்கறதுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு முடிவு. கட்டுமானம், வசதி, பேர் இதுக்கெல்லாம் காசு போகலாம். சவுண்டு சமநிலைக்குன்னு நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

கேமிங் ஹெட்செட் பலதுல குண்டு வெடிக்கிற எஃபெக்டுக்காக பேஸைத் தூக்கி வெச்சிருப்பாங்க. ஆனா கேம்ல உங்களைக் காப்பாத்துறது எதிரியோட காலடிச் சத்தம். பேஸ் அதிகமானா அது அமுங்கிடும், நீங்க வால்யூமை ஏத்துவீங்க. விண்டோஸ் கம்ப்யூட்டர்னா ஈக்வலைசர் ஏபிஓ-ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, காலடி தனியா கேட்கும்.

கேமுக்கு மூணு விஷயம்

முதல்ல, ப்ளூடூத். சாதாரண ப்ளூடூத்ல சத்தம் வந்து சேர 100, 200 மில்லி செகண்ட் ஆகலாம். பாட்டுக்குப் பிரச்சினை இல்ல. கேம்ல சுட்டவன் போனப்புறம்தான் சுட்ட சத்தம் கேட்கும். அதே ப்ளூடூத்ல மைக்கை ஆன் பண்ணினா, பல செட்டுல சவுண்டு பழைய ஃபோன் கால் மாதிரி ஆயிடும். கேமுக்கு வயர் வெச்சது, இல்லைன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வர்றது வாங்குங்க.

அடுத்து, 7.1 சரவுண்ட். பெட்டி மேல அப்படிப் போட்ட ஹெட்செட்ல பெரும்பாலும் ரெண்டே ஸ்பீக்கர்தான் இருக்கும், மிச்சம் மென்பொருள் வேலை. சத்தம் எந்தப் பக்கம்னு நம்ம மூளை ரெண்டே காதை வெச்சுத்தான் கண்டுபிடிக்குது. ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் நடுவுல ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான வித்தியாசம் அதுக்குப் போதும். வேலரன்ட் மாதிரி கேம்ல எச்ஆர்டிஎஃப்னு செட்டிங் உள்ளேயே இருக்கு. அதை ஆன் பண்ணினா ஹெட்செட்டோட சரவுண்டை ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டும் சேர்ந்தா திசை குழம்பும்.

கடைசியா, ஓம். டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம்னு கிடைச்சுது. ஃபோன்லயோ லேப்டாப்லயோ நேரா செருகப் போறீங்கன்னா குறைஞ்ச ஓம் எடுங்க. எச்டி 600 மாதிரி 300 ஓம்னா ஆம்ப் செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

கடையில என்ன பண்ணணும்?

கண்ணாடி போட்டவங்க கண்ணாடியோடயே போட்டுப் பாருங்க. குறைஞ்சது இருபது நிமிஷம் கழட்டாதீங்க. தலையைக் குனிஞ்சு நிமிந்து பாருங்க, நழுவக் கூடாது. நூறு தடவை கேட்ட பாட்டு ஒண்ணை, கம்மி வால்யூம்ல போடுங்க. அந்தக் கம்மி வால்யூம்லயே பேஸ் கிட்டார் எங்க போகுதுன்னும் தெரியணும், பாடுற வார்த்தையும் புரியணும். ரெண்டு செட்டை ஒப்பிடும்போது வால்யூம் ஒரே அளவா இருக்கட்டும். கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி நம்மளை ஏமாத்தும். ஆன்லைன்னா, திருப்பிக் குடுக்க எத்தனை நாள்னு பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

நான் கடைசியில வாங்கினது வெலோர் பேட் வெச்ச, வயர் உள்ள மூடின ஹெட்ஃபோன். மைக் தனி. ஃபேனை அணைச்சு, அமைதியா இருக்கும்போது வால்யூமை வெச்சுப்பேன். அப்புறம் ஃபேன் போட்டாலும் ஏத்தறதில்ல.

காதுச் சத்தம் போச்சான்னு கேட்பீங்க. முழுசா போகல. ரூம் அமைதியானா இப்பவும் மெல்லிசா கேட்குது. டாக்டர் அதை முதல் நாளே சொல்லிட்டார். உங்களுக்கும் காதுல சத்தம் ரெண்டு நாளுக்கு மேல நின்னா, என்னை மாதிரி தள்ளிப் போடாதீங்க. திடீர்னு ஒரு காது மந்தமானா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

இப்ப இந்த எபிசோடை எந்த வால்யூம்ல கேட்டுட்டு இருக்கீங்க? ரெண்டு புள்ளி இறக்கிப் பாருங்க. நான் பேசறது அப்பவும் கேட்கும். அடுத்த வாரம் சந்திப்போம்.