நைல் கப்பலில் நம்ம 'குட்டு'!

அகதா கிறிஸ்டி 1937-ல் எழுதிய 'டெத் ஆன் தி நைல்' நாவலில், கோடீஸ்வரி லின்னெட்டின் சொத்தைக் கவனிப்பவர் பென்னிங்டன் என்ற அமெரிக்கர். கென்னத் பிரானா இயக்கி 2022-ல் வெளியான படத்தில் அவர் ஆண்ட்ரூ கச்சதூரியன் ஆகிவிட்டார். நடித்தவர், 'மிர்சாபூர்' குட்டுவாக நமக்குத் தெரிந்த அலி ஃபசல்!

நாவலில் காதல் கதைகள் எழுதும், குடிப்பழக்கத்தை மறைக்கும் சலோமி ஆட்டர்போர்ன் ஏறக்குறைய ஒரு கேலிப் பாத்திரம். படத்திலோ கறுப்பினப் ப்ளூஸ் பாடகி. சோஃபி ஒகனேடோ கையில் கிட்டார் எடுத்ததும் காட்சியே கம்பீரமாகிறது. பாய்ரோவே கொஞ்சம் மயங்குகிறார். இது வெறும் நிறமாற்றம் இல்லை, பாத்திரத்துக்குக் கிடைத்த மரியாதை.

சரி, கதை நடக்கும் எகிப்தின் மக்கள்? முக்கிய வேடம் ஒன்றுகூட இல்லை. அபு சிம்பெல் கோயிலே இங்கிலாந்தில் போட்ட செட்தான்!