ஆறு எழுத்தில் இரண்டு ஊர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பேருந்தின் நெற்றிப் பலகையைப் படிக்க நமக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அதற்குள் ஊர் தெரிய வேண்டும், கை நீட்ட வேண்டும். புத்தகத்துக்கு வார்த்த மெல்லிய எழுத்து இந்த வேலைக்கு உதவாது. தடித்த கோடும் வெட்டிய விளிம்பும் தெளிவான கோணமும் உள்ள எழுத்துதான் வேண்டும். சிமென்ட் மூட்டைக்கும் இதே தேவை. சொரசொரப்பான சாக்கில் மெல்லிய கோடு நிற்காது.

தலைப்புக்கும் பலகைக்கும் என்றே வரையப்படும் இத்தகைய எழுத்துருவைத் தமிழில் செய்வது கடினம். 'வளைவுதான் தமிழின் அழகு, கோணம் அதற்கு ஒவ்வாது' என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் ஒருமுறை அரியலூர் மாவட்டக் கோயில்களின் சுவர்களைப் பார்க்க வேண்டும்.

உளியின் எழுத்து

எழுதும் கருவியும் எழுதப்படும் பரப்பும் சேர்ந்துதான் எழுத்துக்கு உருவம் தருகின்றன. ஓலையில் நார்ப்போக்கை ஒட்டி எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். அதனால் கை வளைந்து போனது. கல்லில் நிலைமை வேறு. உளிக்கு நேர்கோடு எளிது. சின்னஞ்சிறு சுழிக்குத்தான் பல தட்டு தட்ட வேண்டும். தமிழ் பிராமியில் 'க' வெறும் சிலுவைக் குறி, இரண்டே கோடுகள். சோழர் காலத்தில் வளைவுகள் பெருகிவிட்டன. ஆனாலும் ப, ட போன்ற எழுத்துகள் கோணத்தை விடவில்லை.

முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில், 2004 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அங்குள்ள வீரராஜேந்திரன் கல்வெட்டைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும்.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக்கு இன்னொரு பெருமை உண்டு. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்கே கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. சொல் பழையது, கையும் கல்லும் புதியவை. எழுத்துருவை மாற்றுவது என்று இன்று நாம் சொல்வதும் அடிப்படையில் இதைத்தான்.

ஒரு சுழி, ஒரு வால்

அதே வட்டாரத்து ஏலாக்குறிச்சியில், திருக்காவலூர் என்று தாம் பெயரிட்ட இடத்தில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அதுவரை எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பதே இலக்கணம். ஏட்டிலும் கல்லிலும் பெரும்பாலும் புள்ளி விடுபட்டதால் குறில் எது, நெடில் எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று தமிழ் எழுத்து வரலாறு அவரைப் போற்றுகிறது. இன்று ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபடுவது தலையிலுள்ள ஒரு சுழியால்.

தடித்த எழுத்து வரைபவர் தடுமாறும் இடமும் அதுதான். 'பெரம்பலூர்' என்று எழுதும்போது கொம்பின் தலை அடைத்துக்கொண்டால் அது 'பேரம்பலூர்' போலத் தெரியும். வடிவம் கச்சிதமாக வரட்டும் என்று ரகரத்தின் சாய்ந்த வாலை வெட்டினால் அது துணைக்காலாகி, ஊர் 'பொம்பலூர்' ஆகிவிடும். னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். வெள்ளை போனால் எழுத்தே போயிற்று.

சுவரெழுத்து ஓவியர்களுக்கு இது கைவந்த பாடம். சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்துக் கோடு போட்டு, தட்டைத் தூரிகையால் இழுக்கும்போதே எங்கே மெலிய வேண்டும், எங்கே தடிக்க வேண்டும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது. மெல்லிய எழுத்துக்குக் கணினியில் சுற்றுக்கோடு ஏற்றிப் பருமனாக்கும் வழக்கமும் பரவியது. அப்படிச் செய்யும்போது சுழிகள் அடைபடுகின்றன. நூறு அடி தள்ளி நின்றால் பேனரில் கறுப்புத் திட்டுதான் தெரிகிறது.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. பிரியா ரவிச்சந்திரனின் 'கேட்டமரான்' 9 தடிப்புகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏக் டைப் நிறுவனத்தின் 'அனேக் தமிழ்' எழுத்துருவில் தடிப்பையும் அகலத்தையும் தேவைக்கேற்ப மாற்றலாம். ஆனால் கல்வெட்டிலிருந்தும் சுவரெழுத்திலிருந்தும் பிறக்கும் கோண எழுத்துருக்கள் இன்னும் நிறைய வேண்டும். ஆங்கில எழுத்தின் பெட்டிக்குள் தமிழைத் திணித்து அவற்றைப் பெற முடியாது. தமிழ் எழுத்தின் எலும்பைக் கண்டுபிடித்து அதற்குத் தசை கொடுக்க வேண்டும்.

அதைத் தொடங்க எளிய வழி ஒன்று உண்டு. அ, ப, ம, ய, ர, ல. இந்த ஆறு எழுத்தும், ஒற்றைக்கொம்பு, இகர, ஊகாரக் குறிகளும், புள்ளியும் போதும். பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் எழுதிவிடலாம். கல்லூரி மாணவர்கள் திருமழபாடிச் சுவர்முன் உட்கார்ந்து இந்த ஆறையும் தடிப்பாக வரைந்து பார்க்கட்டும். வாலும் சுழியும் பிழைத்துத் தூரத்திலிருந்தும் ஊர் தெரிந்தால், பேருந்தின் நெற்றிக்கு ஏற்ற எழுத்து நம் மண்ணிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.