தெரிந்தும் ஏன் முடிவதில்லை?

நீண்டகால நோய்களுக்கான மருந்துகள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீத அளவுக்குத்தான் சொன்னபடி எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. "வயசானவங்க சொன்னா எங்க கேட்கிறாங்க?" என்று இதற்கு நாம் உடனே காரணம் கண்டுபிடித்துவிடுகிறோம். அமெரிக்கச் செவிலியர் டோரத்தியா ஓரெமின் கோட்பாட்டைப் படித்தவர்கள் அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1914-இல் பால்டிமோரில் பிறந்த ஓரெம், 1950களின் இறுதியில் செவிலியர் பாடத்திட்டம் வகுக்கும் பணியில் இருந்தபோது ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை தேடினார். ஒருவருக்குச் செவிலியர் எப்போது தேவைப்படுகிறார்? தன் உடம்பைப் பேண அவர் செய்ய வேண்டியதற்கும் அவரால் செய்ய முடிவதற்கும் இடையே இடைவெளி விழும்போது என்பது அவர் கண்ட விடை. 1971-இல் வந்த அவருடைய நூல் அதை விரிவாகப் பேசியது. தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளிலும் இன்று அது பாடம்.

தன்னைப் பேணும் ஆற்றலை ஓரெமும் அவருடைய குழுவினரும் பத்துக் கூறுகளாகப் பிரித்தார்கள். நோயைப் பற்றிய அறிவைப் பெற்று, மறக்காமல் பயன்படுத்துவது அவற்றில் ஒன்றே ஒன்று. உடம்பில் தெம்பு, கவனம், மனவிருப்பம், முடிவெடுக்கும் திறன், செய்யும் வேலையை வீட்டு வாழ்க்கையோடு பொருத்தி நாள்தோறும் தொடர்வது போன்றவை மற்றக் கூறுகள். நம் மருத்துவமனைகளில் சுகாதாரக் கல்வி என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அந்த ஒன்றை மட்டும் நிரப்பும் வேலை.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பிகள் பரவலாகப் புழங்குகின்றன. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால் 20-க்குப் பதில் 50 போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. கண்புரை உள்ள பாட்டிக்கு இந்த வேறுபாட்டை வாயால் எத்தனை முறை விளக்கினாலும் சிரிஞ்சின் கோடு தெரியப்போவதில்லை. அவருக்கு வேண்டியது கண் பரிசோதனை, நல்ல வெளிச்சம், அல்லது 'டக் டக்' என்று எண்ணித் திருப்பக்கூடிய இன்சுலின் பேனா. கை நடுங்கும் தாத்தாவுக்குக் குறை வேறு இடத்தில். ஊசி போட்ட பிறகு சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாதவருக்கு இன்னும் வேறு இடத்தில்.

அதனால் கற்றுக்கொடுக்கும் முன் குறை எங்கே என்று பார்க்க வேண்டியிருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் மரியாதைக்காவது "ஆமாம்மா" என்றுதான் சொல்வார்கள். "பாட்டி, ஒரு தடவை நீங்களே மருந்தை ஏத்திக் காட்டுங்க" என்றால் உண்மை கண்முன் வந்துவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் செவிலியர்கள் நடத்திய சர்க்கரை நோய் கிளினிக்கை வைத்துச் செவிலியர் ஜோன் பேக்ஷைடர் 1974-இல் எழுதிய கட்டுரையும், நோய் கேட்கும் வேலைகளை நோயாளியின் உடல், மனத் திறன்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறையைத்தான் விவரித்தது.

ஓரெமின் கோட்பாடு தனிமனிதரை மையமாக வைத்தது என்ற விமர்சனம் உண்டு. ஆனால் பிறருக்காகச் செய்யும் பராமரிப்புக்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். நமக்கு அது மிக முக்கியம். உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை, குழம்பு வைக்கும் மருமகளின் காதுக்குப் போகாவிட்டால் என்ன பயன்? சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கொட்டும்போது 15 கிராம் குளுக்கோஸை எடுத்துக் கொடுக்கப்போவது பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனாகக்கூட இருக்கலாம். அவனுக்கும் சொல்லித்தர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். வெளிநோயாளர் பிரிவின் கூட்டத்தில் எந்தச் செவிலியருக்கும் தெரியவராத அடுப்படியும், மாத்திரை வைக்கும் இடமும், பகலில் துணைக்கு ஆள் இல்லாத நிலையும் அங்கே அவர்கள் கண்ணில் படுகின்றன. கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடாமல் சற்று உட்கார்ந்து இவற்றைக் கவனிக்கவும், கண்டதைச் செவிலியரிடம் சொல்லவும் அவர்களுக்கு நேரமும் பயிற்சியும் தர வேண்டும்.