கேட்-கானை கழற்றினால் பிக்கப் ஏறுமா? பழைய கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் வாங்குகிறீர்கள். இல்லையென்றால் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் அல்லது ஃபியட் பாலியோ 1.6. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி இல்லாத நம்ம ஊர் கார் பிரியர்களுக்கு இவைதான் ஸ்போர்ட்ஸ் கார். இதில் லான்சர் நம்ம மாவட்டத்து வண்டி. 1998 முதல் திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அது தயாரானது. ரேலி ஓட்டுபவர்கள் விரும்பி எடுத்த கார் அது.

வண்டியை ஷெட்டில் விட்டதும் பெரும்பாலும் வரும் முதல் யோசனை, "கேட்-கானை தூக்கிட்டு நேரா பைப் போட்டுடலாம் சார், வண்டி பறக்கும்" என்பதுதான். உண்மையிலேயே பறக்குமா? மீஞ்சூர் மாதிரி ஒரு ஊரில் இதைச் செய்தால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

கேட்-கான் என்ன வேலை செய்கிறது?

முழுப்பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் உலோக டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளும் இதன் வழியாகப் போகும்போது பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும், தண்ணீராகவும், சாதாரண நைட்ரஜனாகவும் மாறிவிடும். நல்ல நிலையில் சூடாக இருக்கும் கேட்-கான் 90 சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்துவிடும்.

சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஈயம் கலந்த பெட்ரோல் இதன் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் அப்போதுதான் பங்குகளுக்கு வந்தது. அதற்கும் முந்தைய வண்டி, உதாரணமாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கழற்ற எதுவும் கிடையாது.

'பிக்கப் ஏறும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இது 50 வருடப் பழைய கதை. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கேட்-கான் வந்தபோது, கூடவே இன்ஜின்களின் கம்ப்ரஷனையும் குறைத்திருந்தார்கள், டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். பெரிய வி8 இன்ஜின் கொண்ட கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரே அந்த ஆண்டு அடிப்படை மாடலில் 165 குதிரைத்திறன்தான் தந்தது. அந்தக் கால கேட்-கானும் புகையை இறுக்கிப் பிடிக்கும் வகை. அதனால் அப்போது கழற்றியவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மைதான்.

நம்ம பக்கம் இந்த ஆசைக்கு சோழவரமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை பிரபலம். ஆனால் அங்கே சீறிய வண்டிகளில் கழற்றுவதற்கு கேட்-கானே இருந்ததில்லை!

1998-க்குப் பிறகு வந்த ஒரு 1.5 லிட்டர் இன்ஜினில் நிலைமை வேறு. இன்ஜின், கம்ப்யூட்டர், கேட்-கான் மூன்றையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல கேட்-கானை எடுத்தால் கிடைப்பது ஓரிரு குதிரைத்திறன் அளவு. அதுவும் ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போதுதான். மீஞ்சூர் மார்க்கெட் நெரிசலில் யார் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டப்போகிறார்கள்?

அப்புறம் ஏன் வித்தியாசம் தெரிகிறது?

முதல் காரணம் சத்தம். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு நம்பிவிடும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். 20 வருட வண்டியில் கேட்-கான் அடைத்துப்போயிருக்கலாம். ஆயில் எரிக்கும் இன்ஜின், மிஸ் ஃபயர் ஆகும் பிளக், அளவுக்கு மீறி பெட்ரோல் குடிப்பது என எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகும் அல்லது உடையும். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறும். அப்போது கேட்-கானை எடுத்தால் வண்டி பாய்வது மாதிரிதான் இருக்கும். ஆனால் அடைப்புக்குக் காரணமான கோளாறு அப்படியே இருக்கிறது!

ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால், உள்ளே உடைந்திருந்தால் கலகலவெனச் சத்தம் வரும். ஆக்சிஜன் சென்சார் இருக்கும் துளையில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பது இன்னும் துல்லியமான வழி.

இ.ஜி.ஆர். வால்வை அடைப்பது இன்னொரு பழக்கம். கொஞ்சம் புகையை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைப்பது இதன் வேலை. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது இது எப்படியும் மூடிக்கொள்ளும். எனவே அடைத்தால் டாப் ஸ்பீடுக்கு லாபம் இல்லை, சில இன்ஜின்களில் 'நாக்கிங்'தான் மிச்சம். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவையும் சிலர் பிடுங்கி எறிகிறார்கள். அதன்பிறகு வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இது சுத்தமான முட்டாள்தனம்.

புகை டெஸ்டில் மாட்டாதா?

மாட்டாமலும் போகலாம், பிரச்னையே அங்கேதான் இருக்கிறது. புகைச் சான்றுக்கான வரம்பு வண்டி எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது. பி.எஸ்.2, பி.எஸ்.3 பெட்ரோல் கார் என்றால் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய கார் என்றால் 3 சதவீதம் வரை அனுமதி. ஆகவே 1999 லான்சரில் கேட்-கான் இல்லாவிட்டாலும் பாஸ் ஆக வாய்ப்பு இருக்கிறது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியாது, ஏனென்றால் கேட்-கானைக் கண்காணிக்கும் ஓ.பி.டி.-2 விதி வந்ததே 2013-ல்தான்.

இன்னொன்று, பெட்ரோல் வண்டிக்கான இந்த டெஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதே இல்லை. கேட்-கானும் இ.ஜி.ஆரும் குறைப்பது எதை? அதே வாயுவைத்தான். சான்றிதழ் கையில் இருக்கும், நச்சு ரோட்டில் இருக்கும்.

மீஞ்சூரில் ஏன் கூடுதல் கவலை?

ஒரு பக்கம் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம். நிலக்கரி எரிந்தாலும் டீசல் எரிந்தாலும் வருவது நைட்ரஜன் ஆக்சைடுகள்தான். இவை பெட்ரோல் ஆவியோடு வெயிலில் சேர்ந்தால், நுரையீரலை எரிக்கும் ஓசோன் தரைமட்டத்திலேயே உருவாகும். நம்ம ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

அனல்மின் நிலையப் புகைபோக்கி நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் இருக்கிறது. காரின் புகைக்குழாயோ ஒரு அடி உயரத்தில், பின்னால் டூவீலரில் வருபவர், அவருக்கு முன்னால் நிற்கும் குழந்தை ஆகியோரின் முகத்துக்கு நேராக இருக்கிறது. 'அவ்வளவு பெரிய ஆலையே புகை விடுது, என் ஒரு கார் விட்டா என்ன' என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறினால் 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கும் தற்காலிகத் தடை. மாற்றத்துக்கான பிரிவு கை வைப்பது வண்டியின் ஓனர் மீது என்பதைக் கவனிக்கவும். ரோட்டுக்கே வராமல் டிராக்கில் மட்டும் ஓடும் ரேஸ் கார்களின் கதை வேறு.

கழற்றிய கேட்-கான் எங்கே போகிறது?

இதைக் கேட்க மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரோடியம், பல்லேடியத்துக்காக இதை வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் மாருதி ஈக்கோ வேன்களின் சைலன்சர்களைக் குறிவைத்துத் திருடிய கும்பல்கள் பிடிபட்டதும் இதற்காகத்தான். 'லேபர் சார்ஜ் கூட வேணாம் சார், ஃப்ரீயா எடுத்துத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், காரணம் புரிந்திருக்கும்.

பழைய வண்டிக்கு உண்மையிலேயே பிக்கப் வேண்டுமென்றால், முதலில் வெடித்துப்போன வேக்குவம் ரப்பர் குழாய்கள், பிளக், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் வண்டி இழுக்கவில்லை என்றால் கேட்-கானில் அழுத்தம் பார்த்து, அடைப்பு இருந்தால் புதியது மாற்றுங்கள். பழையதை மறக்காமல் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.