கடலில் வழிகாட்டும் விண்மீன்கள்: இனங்காணலும் தேர்ந்தெடுத்தலும்

கோலார் தங்கவயலில் வாழ்வோருக்குக் கடல் அண்மையிலுள்ள பொருளன்று. கிழக்கே சென்னைக் கரையை அடைய நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் செல்லவேண்டும். ஆயினும், சென்னைக்கு அருகே கடலில் செல்லும் கப்பலின் அதிகாரி இரவில் காணும் வானமும், தங்கவயல் ஆசிரியர் தம் பள்ளித் திடலிலிருந்து காணும் வானமும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டும் 13 பாகை வட அட்சரேகையை ஒட்டியவை. தீர்க்கரேகையில் மட்டும் ஏறக்குறைய 2 பாகை வேறுபாடு உண்டு. புவி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கின்றது. ஆதலின் எந்த விண்மீனும் சென்னையில் நடுவானைக் கடந்து 8 நிமிடம் சென்ற பின்னரே தங்கவயலில் நடுவானைக் கடக்கும். விண்மீனின் உயரமும் காலமும் இடத்தை அறிவிக்கும் என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது.

விண்மீன் இடத்தை எவ்வாறு உணர்த்துகிறது?

ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒவ்வொரு விண்மீனும் புவியின் ஏதேனும் ஓரிடத்திற்கு நேர் உச்சியில் நிற்கும். அவ்விடம் எது என்பதைக் கடற்பஞ்சாங்கம் தெரிவிக்கும். ஒருவர் செக்ஸ்டன்ட் கருவியால் அளக்கும்போது அவ்விண்மீன் அடிவானத்திற்கு மேல் 60 பாகை உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். உச்சியிலிருந்து அது 30 பாகை விலகியிருக்கிறது. 1 பாகைக்கு 60 கடல் மைல் வீதம், அவர் அவ்விடத்திலிருந்து 1,800 கடல் மைல் தொலைவிலுள்ள ஒரு வட்டத்தின்மேல் எங்கோ இருக்கிறார் என்பது பெறப்படும். இரண்டாவது விண்மீன் இரண்டாவது வட்டத்தைத் தரும். இரண்டும் வெட்டுமிடம் கப்பலின் இடமாகும். மூன்றாவது விண்மீன் முன்னவை இரண்டிற்கும் சான்று பகரும்.

உயரத்தில் 1 கலை பிழைத்தால் இடத்தில் 1 கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் பிழைக்கும். கடிகாரம் 4 நொடி பிழைத்தால் நிலநடுக்கோட்டின் அருகே கிழக்கு மேற்காக அதே அளவு பிழை நேரும். பாறைகள் நிறைந்த கரையை இரவில் அணுகும் கப்பலுக்கு இவை சிறு பிழைகள் அல்ல.

இத்தேவையை முன்னிட்டே நம் நாட்டில் வானாய்வு நிலையம் ஒன்று தோன்றியது. 1792-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பெற்ற வானாய்வு நிலையத்தின் நோக்கங்களாகக் கூறப்பட்டவை வானியல், புவியியல், கப்பலோட்டும் கலை ஆகிய மூன்றையும் வளர்த்தல் ஆகும். அங்கு கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ்க் கல்வெட்டும் இடம்பெற்றது. 1844-இல் வெளிவந்த டெய்லரின் சென்னை விண்மீன் பட்டியலில் 11,015 விண்மீன்களின் நிலைகள் அடங்கியிருந்தன.

இனங்காணல்

கப்பலோட்டிகளின் முதன்மைப் பட்டியலில் 57 விண்மீன்கள் உள்ளன. துருவ மீன் தனியே சேர்க்கப்பெறும். இவற்றுட் பல நம் மக்களுக்குப் புதியன அல்ல. நம் பஞ்சாங்கத்தில் ரோகிணி எனப்படுவது ஆல்டெபரான், திருவாதிரை, பீட்டல்ஜூஸ், மகம், ரெகுலஸ், உத்திரம், டெனபோலா, சித்திரை, ஸ்பைகா, சுவாதி, ஆர்க்ட்டூரஸ், கேட்டை, அன்டாரிஸ், திருவோணம், ஆல்டேர். தென்வானில் ஒளிரும் அகத்தியர் மீனே கனோபஸ். பெயர்களை மட்டும் அறிந்திருந்து வானத்தில் சுட்டிக்காட்ட இயலாத மாணவனுக்கு இவற்றைக் காட்டிக்கொடுத்தல் ஆசிரியரின் கடமையாகும்.

தனி விண்மீனைத் தேடுவதைவிடக் கூட்டத்திலிருந்து தொடங்குதல் எளிது. வேட்டைக்காரன் எனப்படும் ஓரையன் கூட்டத்தின் இடைக்கச்சையில் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் உள்ளன. அவ்வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ் மீனும், வடமேற்கே நீட்டினால் ரோகிணியும் அகப்படும். சப்தரிஷி மண்டலத்தின் வாற்பகுதியை வளைவாகவே நீட்டினால் சுவாதியும், மேலும் நீட்டினால் சித்திரையும் தோன்றும்.

கோள்களிடம் எச்சரிக்கை வேண்டும். செவ்வாய், கேட்டையின் அருகே வரும் காலத்தில் இரண்டும் சிவந்து தோன்றிக் குழப்பம் விளைக்கும். விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பொதுவாக நிலையாக ஒளிரும். முகில் இடைவெளியில் ஒரே ஒரு மீன் மட்டும் தெரிந்தால் அதன் உயரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, பஞ்சாங்கக் கணக்கோடு ஒப்பிட்டே பெயரை முடிவு செய்தல் வேண்டும். தவறான பெயரில் செய்த கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் தவறான இடத்தையே தரும்.

தேர்ந்தெடுத்தல்

மிக ஒளியுடைய மீனே மிகப் பயனுடையது என்று எண்ணுதல் பிழை. கருதவேண்டியவை மூன்று: உயரம், திசை, காலம்.

உயரம் 15 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே இருத்தல் நன்று. மிகத் தாழ்ந்த மீனின் ஒளியைக் காற்றுமண்டலம் வளைத்துவிடும். அடிவானத்தில் இவ்வளைவு 34 கலை வரை இருக்கும். அது வெப்பநிலையோடு மாறுவதும் உண்டு. மிக உயர்ந்த மீனுக்குக் கீழே அடிவானத்தின் எப்புள்ளி நேராக உள்ளது என அறிதல் அரிது. தங்கவயலில் மகம் நடுவானைக் கடக்கும்போது உச்சிக்கு 1 பாகை அளவே தெற்கே நிற்கும். கண்ணுக்கு இனிய காட்சியாயினும் அளவைக்கு அவ்வேளை ஏற்றதன்று.

திசையைப் பொறுத்தவரை, மூன்று மீன்களும் வட்டத்தை ஏறக்குறைய சமமாகப் பங்கிடுதல் சிறப்பு. ஏப்ரல் நடுவில் மாலை 7 மணியளவில் தங்கவயல் வானத்தை நோக்குக. சிரியஸ் தென்மேற்கிலும், திருவாதிரையும் ரோகிணியும் மேற்கிலும் ஒளிரும். மூன்றும் கண்ணைக் கவர்வன. ஆயினும் திருவாதிரைக்கும் ரோகிணிக்கும் திசை வேறுபாடு ஏறக்குறைய 17 பாகையே. அவை தரும் கோடுகள் மிகக் கூரிய கோணத்தில் வெட்டுமாதலால் சிறு பிழையும் வெட்டுமிடத்தைப் பெரிதும் நகர்த்திவிடும். மாறாக, வடமேற்கில் 40 பாகை உயரத்தில் கபெல்லா, கிழக்கில் 37 பாகை உயரத்தில் உத்திரம், தெற்கே சற்று மேற்கு ஒதுங்கி 20 பாகை உயரத்தில் அகத்தியர் ஆகியவற்றைத் தேர்ந்தால், அவற்றிடையே ஏறக்குறைய 120 பாகை வீதம் இடைவெளி அமையும். உத்திரம் ஒளி குறைந்ததே. எனினும் இங்குச் சிரியஸினும் அதுவே பயன் மிக்கது. கருவியின் மாறாப் பிழை மூன்று அளவைகளிலும் சமமாகப் புகுந்தால் மூன்று கோடுகளும் ஒரு சிறு முக்கோணம் அமைக்கும். உண்மையான இடம் அதன் நடுவே அமையும்.

காலம் அந்திப்பொழுதே. விண்மீன்கள் தோன்றிய பின்னும் அடிவானம் மறையாத அக்குறுகிய நேரத்தில் மட்டுமே கடலில் அளத்தல் இயலும். நம் அட்சரேகையில் அந்தி விரைந்து மறையும். ஆகையால் எந்த மீன் எத்திசையில் எவ்வுயரத்தில் நிற்கும் என்பதை முன்னரே கணித்து வைத்தல் வேண்டும்.

செயற்கைக்கோள் இருக்க இக்கலை எதற்கு?

செயற்கைக்கோள் குறிகளைக் குலைத்தலும் பொய்யாக்குதலும் இயலும். மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். ஆகவே கடலோடிகளின் பயிற்சி பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் விண்மீன் வழியறிதலை இன்றும் வேண்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய கோல்டன் குளோப் உலகப் பாய்மரப் போட்டியில் செயற்கைக்கோள் வழிகாட்டி விலக்கப்பட்டிருந்தது. அதில் செக்ஸ்டன்ட் கொண்டு தனியே உலகைச் சுற்றிய நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

வகுப்பறைச் சோதனை

ஒரு கோணமானி, ஒரு சிறு குழல், நூலில் கட்டிய ஒரு குண்டு ஆகியவை போதும். தங்கவயலில் கடல் அடிவானம் இல்லை. குண்டு நூலே அதற்கு ஈடாகும். கோணமானியின் நேர்விளிம்பில் குழலைப் பொருத்தி, மையத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டுத் துருவ மீனை நோக்குக. நூல் 90 பாகையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே மீனின் உயரம். சுரங்கக் கழிவுமண் மேடுகளோ கட்டிடங்களோ வடக்கை மறையாத இடத்தைத் தேர்தல் வேண்டும். ஏனெனில் இங்குத் துருவ மீன் 13 பாகை அளவே உயர்ந்திருக்கும். இவ்வளவை ஏறக்குறைய ஊரின் அட்சரேகையே. கன்னியாகுமரியில் அது 8 பாகையாகும்.

மாணவரின் விடை 1 பாகை பிழைத்தால், அவர் தம் ஊரை 111 கிலோமீட்டர் வடக்கிலோ தெற்கிலோ வைத்துவிட்டார் என்பதை நாட்டுப்படத்தில் சுட்டிக்காட்டுக. பல முறை அளந்து சராசரி காணச் செய்க. கடலையே காணாத சிறுவனும், கவனமாக எடுத்த ஓர் அளவையின் மதிப்பை அன்று உணர்வான்.