ஆய்வுக்குப் படியளப்பவர்கள் – 6: பாட்டில் பணமும் ஆய்வாளரின் கேள்வியும்

2018 ஜூன் 15. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ், பத்து கோடி டாலர் செலவில் தொடங்கியிருந்த ஒரு மருத்துவ ஆய்வை நிறுத்துவதாக அறிவித்தார். 7,800 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வு அது. அதுவரை சேர்ந்திருந்தவர்கள் 105 பேர். ஆய்வுக்குப் பணம் வந்த வழிதான் அதன் கழுத்தை நெரித்தது.

ஆய்வின் கேள்வியில் தவறில்லை. தினமும் ஒரு கோப்பை மது இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. அளவாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்லியிருக்கின்றன. ஆனால், அளவாகக் குடிப்பவர்களில் பலர் வசதியானவர்கள், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். குடிக்காதவர்கள் பட்டியலிலோ, நோய் வந்த பிறகு குடியை விட்டவர்களும் இருப்பார்கள். இந்தக் குழப்பம் தீர ஒரே வழி, 50 வயது கடந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர் தினமும் 15 கிராம் ஆல்கஹால் அருந்த, மற்றவர்கள் தொடாமலிருக்க, ஆண்டுக்கணக்கில் கவனிப்பது. அதைத்தான் செய்யத் திட்டமிட்டார்கள்.

செலவில் 6.77 கோடி டாலரைத் தர முன்வந்தவை ஐந்து மது நிறுவனங்கள்: ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ், டியாஜியோ, பெர்னோ ரிக்கார்ட், ஹைனகென், கார்ல்ஸ்பெர்க். பணம் ஒரு அறக்கட்டளை வழியாக வரும், ஆய்வில் நிறுவனங்களின் கை நீளாது என்பது ஏற்பாடு. 2018 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வேறு கதையை வெளிக்கொண்டுவந்தது. பின்னர் நடந்த உள்விசாரணையும் அதை உறுதிசெய்தது. நிதி ஒதுக்கீடு முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, மது ஆய்வுக்கான அரசுப் பிரிவின் அலுவலர்களும் ஆய்வை நடத்தவிருந்த விஞ்ஞானியும் மது நிறுவனத்தாரைச் சந்தித்துப் பேசியிருந்தார்கள். 2014-ல் புளோரிடாவின் பாம் பீச்சில் ஒரு ஆடம்பர விடுதியில் சந்திப்பு நடந்தது. அளவான குடி பாதுகாப்பானது என்று நிரூபிக்க இது அரிய வாய்ப்பு என்ற தொனியில் அங்கே ஆய்வை விளக்கினார்கள். விடை இப்படித்தான் வரும் என்று ஆசை காட்டிக் காசு கேட்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கவலை தருவது ஆய்வின் வடிவமைப்பு. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் புற்றுநோய் முற்றி வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். சராசரியாக ஆறு ஆண்டுகள் மட்டும் கவனிக்கும் ஆய்வில் அது சரியாகத் தென்படாது. இதயத்துக்கு நன்மை இருந்தால் தெரியும், கேடு இருந்தால் நழுவிவிடும். விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய முக்கியமான குறைகளில் ஒன்று இது. பொய்க் கணக்கு எதுவும் எழுதத் தேவையில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முதல் நாளே முடிவு செய்தால் போதும்.

அப்படியானால் மதுவிலிருந்து வரும் பணத்தை ஆய்வாளர் தொடவே கூடாதா? ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

அங்கே 2000 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, சாதாரண பீரின் விலை 1.9 சதவீதத்துக்கு மேல் உயராது என்று அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மதுக்கூடங்களில் ஊற்றித் தரும் பீருக்கு விலை அதற்கு மேலேயே ஏறியது. பெரிய சண்டைக்குப் பிறகு அரசு வரியைக் குறைத்தது. கூடுதலாக வசூலான பணத்தைக் குடித்தவர்களைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதிலிருந்து 11.5 கோடி ஆஸ்திரேலிய டாலரில் 2001-ல் ஒரு அறக்கட்டளையை நிறுவினார்கள். இன்று அதன் பெயர் ஃபேர்.

அந்தப் பணத்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வின் கேள்வியே புதிது: ஒருவர் குடிப்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகிறது? குடித்தவரின் கல்லீரலை விட்டுவிட்டு, அவருடைய மனைவி, பிள்ளை, அண்டை வீட்டார், அவர் வராத நாளில் கூடுதல் வேலை பார்த்த சக ஊழியர் என்று எண்ணிக்கொண்டே போனார்கள். அடுத்தவர் குடியால் ஓராண்டில் 367 பேர் இறந்ததாகவும், ஏறத்தாழ 20,000 குழந்தைகள் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாகவும் மதிப்பிட்டார்கள். எந்த மது நிறுவனமும் தானாக முன்வந்து இந்தக் கேள்விக்குப் பணம் தந்திருக்காது.

மது வரிப் பணத்தை இப்படி ஒதுக்குவதைத் தாய்லாந்து சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. மது, புகையிலை மீதான கலால் வரிக்கு மேல் 2 சதவீதம் தனியாக வசூலித்து, 2001-ல் தொடங்கிய தாய் ஹெல்த் அறக்கட்டளைக்குத் தருகிறார்கள். 2004-ல் மது ஆய்வு மையம் ஒன்று பிறந்ததும் அதிலிருந்துதான்.

பின்லாந்து இன்னும் மூத்த உதாரணம். அங்கே அப்போது மது விற்பனை அரசு நிறுவனமான ஆல்கோவின் கையில் இருந்தது. 1950-ல் அமைந்த மது ஆய்வு அறக்கட்டளைக்கு ஆல்கோதான் படியளந்தது. அந்த அறக்கட்டளை 1975-ல், கெட்டில் புரூனும் பல நாட்டு அறிஞர்களும் சேர்ந்து எழுதிய நூலை வெளியிட்டது. ஒரு சமூகம் குடிக்கும் மொத்த அளவு கூடினால் கேடும் கூடும், ஆகவே அந்த அளவைக் கட்டுப்படுத்துவது அரசின் சுகாதாரப் பொறுப்பு என்றது நூல். விற்றவரின் காசில் விற்பனைக்கு எதிரான முடிவு வந்தது. யாரும் ஆய்வாளரின் பேனாவைப் பிடித்து இழுக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றது. இவர்களுக்கு உதவும் வழிமுறையைத் தேடிய குறிப்பிடத்தக்க ஆய்வு கோவாவில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் பாதிக்கப்பட்ட ஆண்களிடம், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் சில அமர்வுகள் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, முந்தைய இரண்டு வாரங்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் இந்தப் பிரிவில் 42 சதவீதம்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 18 சதவீதம். 2017-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. செலவைத் தந்தது பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான வழியைத் தேட, லண்டனிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது.

ஆல்கோவைப் போலவே தமிழ்நாட்டிலும் மதுவை விற்பது அரசு நிறுவனம். 2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஒரு சதவீதம் 450 கோடி. பத்தில் ஒரு சதவீதமே 45 கோடி. அதை டாஸ்மாக்கின் நிழல்கூடப் படாத ஒரு நிபுணர் குழுவிடம் கொடுத்து, கேள்வியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை.

கேள்விகள் காத்துக்கிடக்கின்றன. 2016-ல் 500 கடைகள், 2017-ல் 500, 2023-ல் 500 என்று மூன்று முறை அரசு மூடியது. கடை மூடிய ஊரில் குடித்தவர் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறினாரா, குடியைக் குறைத்தாரா, கள்ளச்சாராயத்துக்குப் போனாரா? அந்த வீட்டில் ரேஷனுக்கும் பள்ளிக்கும் கூடுதலாகக் காசு மிஞ்சியதா? அரசு மருத்துவமனைகளின் பதிவேடுகளும் காவல் நிலையங்களின் விபத்துப் பதிவுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஊர்வாரியாகச் சேர்த்துப் படிக்கவும், வீடு வீடாகப் போய்க் கேட்கவும் ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

(தொடரும்)